கழற்றும் பல்லா, கழற்றாத பல்லா?

சங்கத்து விழாக்களில் பந்தியில் உட்கார்ந்தால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இலையைப் பார்க்காமல் எதிர் வரிசையில் சாப்பிடுகிறவர்களின் வாயைப் பார்ப்பேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பல் மருத்துவராக இருந்ததன் கோளாறு இது. யார் ஒரு பக்கமாகவே மெல்லுகிறார், யார் வடையைச் சாம்பாரில் ஊறவிட்டுக் காத்திருக்கிறார், யார் அப்பளத்தைத் தொடாமல் ஓரத்தில் வைக்கிறார் என்று கண் தானாகப் போய்விடும்.

சென்ற பொங்கல் விழாப் பந்தியிலும் அப்படித்தான். மர்பி டவுனில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் பெரியவர் ஒருவர், இலையில் வைத்த முறுக்கை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "பேத்திக்கு" என்றார். பேத்தி புனேயில் இருக்கிறாள் என்பது தெருவுக்கே தெரியும். சாப்பிட்டு எழுந்ததும் அவருடைய மனைவி என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார். "டாக்டரம்மா, பெரியவன் அமெரிக்காவிலிருந்து போன் பண்ணிட்டே இருக்கான். பணத்தைப் பார்க்காதீங்க, அப்பாவுக்கு இம்பிளாண்ட் போட்டுடுங்கன்றான். போன இடத்துல கழட்டுற மாதிரி ஒண்ணு, கழட்டாத மாதிரி ஒண்ணுன்னு ரெண்டு கணக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. எதைப் போடறது?"

இதே கேள்வியை இந்த ஓராண்டில் நம் சங்கத்துக் குடும்பங்களிலேயே பலர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் நின்றபடி அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட, ஆர அமர எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில், இந்தக் கேள்வி யாருக்கு எழுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒன்றிரண்டு பல் மட்டும் போனவர்களுக்கு இதில் குழப்பம் அதிகம் இல்லை. அந்த இடத்தில் இம்பிளாண்ட் வைத்தால் அதன் மேல் நிலையான பல்லைத்தான் பெரும்பாலும் வைப்போம். ஒரு தாடையில் பற்கள் முழுவதும் போனவர்களுக்கும், இருக்கிற நான்கைந்தும் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கும்தான் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வருகிறது.

இம்பிளாண்ட் என்பது பல் அல்ல. பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் பதிக்கும் டைட்டானியம் ஸ்க்ரூ அது. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் பெர்-இங்வார் பிரனெமார்க் 1950களில் முயல்களின் எலும்புக்குள் டைட்டானியக் கருவியை வைத்து வேறு ஏதோ ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கருவியை எடுக்கப் போனபோது அது வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அவர் இதைப் பதித்தார். அந்த மனிதர் 2006இல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அந்த இம்பிளாண்டுகள் அவருக்கு உழைத்தன. ஆகவே 'இது நேற்று வந்த வித்தை, நம்பலாமா' என்று தயங்க வேண்டியதில்லை. தயங்க வேண்டிய இடம் வேறு. எலும்புக்குள் போகும் ஸ்க்ரூ இரண்டு வழிக்கும் ஒன்றேதான். அதன் மேல் என்ன உட்காரப் போகிறது என்பதில்தான் வித்தியாசமெல்லாம் இருக்கிறது.

கழற்றும் வகையில், பார்வைக்கு நம் பாட்டிமார் டம்ளரில் போட்டு வைத்த பல் செட் மாதிரியேதான் இருக்கும். ஆனால் அதன் அடியில், குழந்தைச் சட்டையில் தைக்கும் பிரஸ் பட்டன் போன்ற அமைப்பு உண்டு. பட்டனின் ஒரு பாதி இம்பிளாண்டின் தலையில், மறு பாதி பல் செட்டின் அடியில். வாயில் வைத்து அமுக்கினால் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். பேசும்போதும் சாப்பிடும்போதும் எழும்பாது. இரவு நீங்களே கழற்றிக் கழுவி நீரில் போட்டுவைக்கலாம். சிலருக்குப் பட்டனுக்குப் பதிலாக இம்பிளாண்டுகளை இணைத்து ஒரு கம்பி வைத்து, அதன் மேல் பல் செட்டைக் கவ்வ வைப்பதும் உண்டு.

நிலையான வகையில், பல் வரிசை முழுவதும் ஒரே துண்டாக நான்கு, ஐந்து அல்லது ஆறு இம்பிளாண்டுகளின் மேல் ஸ்க்ரூவால் முடுக்கப்பட்டிருக்கும். அதை மருத்துவர்தான் கழற்ற முடியும். விளம்பரங்களில் 'நான்கே இம்பிளாண்டில் முழு வரிசை' என்று வருவது இந்த வகைதான். போர்ச்சுகல் மருத்துவர் பாலோ மாலோ 1990களின் கடைசியில் தொடங்கிப் பரப்பிய முறை அது. பின்னால் உள்ள இரண்டு இம்பிளாண்டுகளைச் சாய்வாக வைத்து, எலும்பு குறைவாக உள்ள இடத்தைத் தவிர்ப்பது அதன் நுட்பம்.

கேட்டவுடன் எல்லாருக்கும் இரண்டாவதுதான் பிடிக்கும். சொந்தப் பல் மாதிரி இருக்கும், கழற்ற வேண்டாம், கடிக்கும் வலுவும் அதிகம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. என் தாயார் விஷயத்தில் நான் செய்த தவறை இங்கே எழுதிவிடுகிறேன்.

அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்டில் திறந்தார்களே, அந்த ஆண்டுதான் அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் இம்பிளாண்ட் வைத்தோம். அப்போது அவருக்கு 71 வயது. மேலே சாதா பல் செட் நன்றாகவே உட்கார்ந்திருந்தது. கீழே இருந்ததுதான் பேசும்போதெல்லாம் மிதந்தது. அம்மா தெளிவாகச் சொன்னார்: "எனக்குக் கழட்டி மாட்டுற மாதிரியே போடுடி. நானே கழுவிக்குவேன்." நான் கேட்கவில்லை. பல் டாக்டர் பெற்ற தாய்க்குக் கழற்றும் பல்லா என்ற வீம்பு. ஐந்து இம்பிளாண்டுகள் வைத்து நிலையான வரிசையை முடுக்கினேன். ஏழு ஆண்டுகள் அவர் கடலை மிட்டாய் உட்பட எல்லாம் தின்றார். தெருவில் நாலு பேரிடம் வாயைத் திறந்து காட்டவும் செய்தார்.

பிறகு கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். நிலையான வரிசைக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும்; அங்கே மெல்லிய பிரஷ்ஷை நுழைத்து, நூலை விட்டு இழுத்து, தினமும் சுத்தம் செய்ய வேண்டும். திடமான கையும் நல்ல கண்ணும் வேண்டிய வேலை. அம்மாவால் முடியவில்லை, முடியவில்லை என்று என்னிடம் சொல்லவும் இல்லை. துணைக்கு வந்த பெண்ணுக்கு அடுத்தவர் வாய்க்குள் கைவிட்டு அந்த வேலையைச் செய்யத் தெரியவில்லை. 2018இல் நான் வரிசையைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஈறு சிவந்து வீங்கியிருந்தது. ஒரு இம்பிளாண்டைச் சுற்றி எலும்பு கரைந்தே போயிருந்தது. வலி இருந்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். இம்பிளாண்டைச் சுற்றி வரும் இந்த நோய்க்குப் பெரும்பாலும் வலி கிடையாது, அதுதான் அதன் கொடுமை.

கெட்டுப்போன ஒன்றை எடுத்துவிட்டு, மீதியில் இரண்டின் தலையில் பட்டன் வைத்து, கழற்றும் பல் செட்டாக மாற்றினேன். பட்டனுக்குள் வைக்கும் நைலான் வளையங்களில் இறுக்கமானது, தளர்வானது என்று பல தரம் உண்டு. லேசாகப் பிடிப்பதையே வைத்தேன். துணைக்கு இருந்த பெண் இரவில் அதைச் சுலபமாகக் கழற்றி, வாஷ் பேசினில் வைத்துத் தேய்த்துவிடுவாள். அம்மா என்னைக் குறை சொல்லவில்லை. "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்று ஒரு முறை மட்டும் சொன்னார்.

ஆகவே என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எலும்பைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ அல்ல. பத்து ஆண்டுகள் கழித்து இந்தப் பல்லை யார் கழுவப் போகிறார்கள் என்றுதான். பிள்ளைகள் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்க, மாடி வீட்டில் இரண்டு முதியவர்கள் மட்டும் இருக்கும் குடும்பங்கள் நம்மில் எத்தனை! பணம் அனுப்புகிற பிள்ளை நல்ல மனத்தோடுதான் 'விலை உயர்ந்ததைப் போடுங்கள்' என்கிறான். ஆனால் தினமும் இரவு கண்ணாடி முன் நின்று அந்த வேலையைச் செய்யப் போவது அவன் இல்லை. அதே சமயம், கை நடுங்குபவருக்குக் கழற்றும் பல்லைத் தானே பொருத்துவதும் கடினம் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அதில் அடுத்தவர் உதவ முடியும்.

நிலையான பல் யாருக்குப் பொருந்தும் என்றும் சொல்ல வேண்டும். ஐம்பது வயதுக்கு முன்பே ஈறு நோயால் பற்களை இழந்த ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்தார். வகுப்பில் பேசும்போது பல் நழுவிவிடுமோ என்ற பயத்தில் வேலையையே விட்டுவிட நினைத்தவர். வாயில் எதை வைத்தாலும் குமட்டும். இரவில் பல்லைக் கழற்றி வைப்பதைக் கணவரே பார்க்கக் கூடாது என்று, விளக்கை அணைத்த பிறகுதான் குளியலறைக்குப் போவாராம். எலும்பும் நன்றாக இருந்தது, சுத்தம் செய்யும் பொறுமையும் இருந்தது. அவருக்குக் கழற்றும் பல்லைப் பரிந்துரைத்திருந்தால் அது தவறான வைத்தியம். நிலையான வரிசை வைத்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்து காட்டுகிறார்.

இனி மேல்தாடை, கீழ்த்தாடை வேறுபாடு. இது தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். மேல் பல் செட் அண்ணம் முழுவதும் படிந்து உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ்ச் செட்டுக்கு அந்த வசதி இல்லை. குதிரை லாடம் போன்ற குறுகிய எலும்பு மேட்டில் உட்கார வேண்டும். நடுவில் நாக்கு ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்கும். பல் போன பின் கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு தேயும் என்று நீண்ட கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் 'மேல் செட் சரி, கீழ் செட் சனியன்' என்று எல்லாரும் புலம்புகிறார்கள். தக்காளி விதையும் எள்ளும் அடியில் புகுந்து முள்ளாய்க் குத்துவதும் அங்கேதான்.

கீழ்த்தாடையின் முன்பகுதியில் எலும்பு பெரும்பாலும் கெட்டியாக மிஞ்சியிருக்கும். உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு அதற்குப் பின்னால், கடைவாய்க்கு முன் பக்கத்தில் வெளியே வந்துவிடுகிறது. எனவே முன்னால் இரண்டு இம்பிளாண்ட் வைப்பது மற்ற இடங்களைவிட ஆபத்து குறைந்த வேலை. 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல் முழுவதும் போன கீழ்த்தாடைக்கு வெறும் பல் செட்டை முதல் சிகிச்சையாகச் சொல்லக் கூடாது, இரண்டு இம்பிளாண்டு பிடித்த கழற்றும் செட்டைத்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 2009இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் கூடியவர்களும் அதையே வழிமொழிந்தார்கள். எங்கள் தெருப் பெரியவருக்கு நான் சொன்னதும் இதுதான்: மேலே சாதா செட், கீழே இரண்டு இம்பிளாண்டும் பட்டனும். நடுத்தரக் குடும்பத்துக்கு இதைவிடப் பணத்துக்கு ஏற்ற பலன் தரும் ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

மேல்தாடையின் கதை வேறு. அங்கே எலும்பு மிருதுவானது. கடைவாய்ப் பக்கம் அதற்கு மேலே சைனஸ் அறை இருக்கிறது. கழற்றும் வகைக்கே குறைந்தது நான்கு இம்பிளாண்ட் வேண்டும் என்பேன். அண்ணத்தை மூடாமல் செய்யலாம் என்பது அதில் ஒரு லாபம். ரசத்தின் சூடும் ருசியும் மீண்டும் தெரியும் என்று போட்டுக்கொண்டவர்கள் சொல்வார்கள். நிலையான வகை என்றால் நான்கிலிருந்து ஆறு வரை. இன்னொரு விஷயம், பல போன பின்தான் தெரிய வரும்: எலும்பு தேய்ந்தவர்களுக்கு மேல் உதடு உள்ளே விழுந்திருக்கும். கழற்றும் செட்டில் ஈறு நிறத்தில் உள்ள முன்விளிம்பு அந்த உதட்டைத் தாங்கி முகத்தை நிரப்பும். நிலையான பல்லில் அந்த விளிம்பை வைத்தால் அடியில் சுத்தம் செய்ய முடியாது. வைக்காவிட்டால் பல் இருந்தும் முகம் கிழடு தட்டித் தெரியும். சிலருக்கு இடைவெளி வழியே காற்று போய் 'ச' என்ற எழுத்தே விசிலடிக்கும். எனவே முடிவு செய்வதற்கு முன், மெழுகில் பல் அடுக்கிய மாதிரியை முன்விளிம்போடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை வாயில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடியில் நீங்களே பார்ப்பீர்கள். அப்படிக் காட்ட மறுக்கும் இடத்தில் அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பார்கள். எலும்பு ஒட்டுவதற்குக் கீழே மூன்று மாதம், மேலே ஆறு மாதம் என்பது பழைய கணக்கு. ஸ்க்ரூ நல்ல இறுக்கமாக உட்கார்ந்தால் நிலையான வகையில் ஒன்றிரண்டு நாளிலேயே தற்காலிகப் பல் வைப்பதும் இப்போது உண்டு. 'ஒரே நாளில் பல்' என்ற போர்டுக்குப் பொருள் அதுதான். அந்தப் பல் தற்காலிகம். முறுக்கு கடிப்பதற்கு அல்ல; சில மாதம் குழைந்த சாதமும் இட்லியும்தான்.

உடம்பைப் பற்றிச் சில வார்த்தைகள். சர்க்கரை நோய் இருந்தால் இம்பிளாண்ட் கூடாது என்பதில்லை. கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 8ஐத் தாண்டியிருந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று நான் திருப்பி அனுப்பிவிடுவேன். எலும்புத் தேய்மானத்துக்கு வாராந்திர மாத்திரையோ, ஆண்டுக்கு ஒரு முறை ஊசியோ போடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெண்கள் பலர் 'அது கால்சியம் மாத்திரைதான்' என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிறார்கள். அந்த மருந்துகளால் தாடை எலும்புப் புண் ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருத்துவரைக் கேட்ட பிறகே எதுவும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இம்பிளாண்ட் தோற்கும் வாய்ப்பு தெளிவாகவே அதிகம். பாக்கும் குட்காவும் போட்டு வாயே திறக்க வராமல் இறுகிப்போனவர்களுக்கு எந்த வகைப் பல்லும் பிரச்சினைதான். முதலில் அந்த நோயைப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பில் கழற்றும் வகைக்கும் செலவு உண்டு என்பதை விற்கிறவர்கள் மெல்லச் சொல்வார்கள். பட்டனுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேய்ந்துகொண்டே வரும்; ஓராண்டுக்கு ஒரு முறையோ சற்று முன்பின்னாகவோ மாற்ற வேண்டும். சின்ன வேலைதான். அடிப்புறம் எலும்பு தேயத் தேயச் செட்டுக்கு மறுபடி உள் பூச்சு போட வேண்டி வரும். அதைப் பற்பசையால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். பாத்திரம் கழுவும் சோப்பும் மிருதுவான பிரஷ்ஷும் போதும். வெந்நீரில் போட்டால் கோணிவிடும். நிலையான வகையில் அடிக்கடி செலவு வராது, ஆனால் வந்தால் பெரிதாக வரும்: ஒரு பல் உடைந்தாலும் முழு வரிசையையும் கழற்ற வேண்டியிருக்கும். இந்தக் காரணத்தால்தான் சிமெண்ட் வைத்து ஒட்டுவதைவிட ஸ்க்ரூவில் முடுக்குவதையே கேட்டு வாங்குங்கள் என்கிறேன்.

தொகையை இங்கே எழுதவில்லை. ஊருக்கு ஊர், கிளினிக்குக்குக் கிளினிக் அவ்வளவு வித்தியாசம். ஆனால் எழுதிக் கொடுக்கும் கணக்கில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று வரி வரியாகக் கேளுங்கள். முப்பரிமாண ஸ்கேன், எலும்பு சேர்க்க வேண்டி வந்தால் அதன் செலவு, தற்காலிகப் பல், கடைசிப் பல், முதலாண்டுப் பரிசோதனை. எங்கள் தெருப் பெரியவர் கொண்டுவந்த கணக்கில் 'கடைசிப் பல்' என்ற வரியே இல்லை! ஸ்க்ரூவின் விலையும் தற்காலிகப் பல்லின் விலையும் மட்டும்தான் இருந்தன. இம்பிளாண்ட் பெட்டியில் கம்பெனிப் பெயரும் அளவும் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டு மாதிரி பத்திரப்படுத்துங்கள். பத்தாண்டு கழித்து வேறு ஊரில், வேறு மருத்துவர் அதைத் திறக்க வேண்டுமானால் சரியான சாவி எது என்று அதிலிருந்துதான் தெரியும். வேலை மாற்றலில் ஊர் ஊராகப் போகும் நம்மைப் போன்றவர்களுக்கு இது மிக முக்கியம்.

எந்த வகை இம்பிளாண்டும் கைக்கு எட்டாதவர்கள் மனம் தளர வேண்டாம். நன்றாகச் செய்த சாதா பல் செட்டே போதும் என்று இருப்பவர்கள் ஏராளம். இம்பிளாண்டுக்கு முன்பே அதைச் செய்து சில மாதம் போட்டுப் பார்ப்பது எல்லாருக்குமே நல்லது. கர்நாடக அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு இலவசப் பல் செட் தருவதற்கு 'தந்தபாக்ய' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. விக்டோரியா மருத்துவமனையை ஒட்டியுள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் பி.பி.எல். அட்டையைக் காட்டி விசாரிக்கலாம். அட்டை இல்லாதவர்களுக்கும் கல்லூரி மருத்துவமனைகளில் தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறைவு. மாணவர்கள் செய்வார்கள், பேராசிரியர் மேற்பார்வை இருக்கும். நாலைந்து தடவை அலைய வேண்டும், அவ்வளவுதான். மர்பி டவுனிலிருந்து போகிறவர்கள் அல்சூர் மெட்ரோ நிலையத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால் நடக்கிற தூரம். காலையிலேயே போய்விடுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களையும், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், பிடிக்காமல் அலமாரியில் தூக்கிப் போட்ட பழைய பல் செட்டையும் மறக்காமல் எடுத்துப்போங்கள். அந்தப் பழைய செட் எங்கே உறுத்தியது என்று பார்த்தாலே மருத்துவருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.